மொட்டைத் தலையும் முழங்காலும்

பொருந்தாத இரண்டைச் சேர்த்துப் பேசுபவனை, ‘மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறான்’ என்று நம்மவர் எள்ளுவதுண்டு. அந்த முடிச்சை நாம் இங்கே வேண்டுமென்றே போடுகின்றோம். மொட்டைத் தலை என்று நாம் குறிப்பது பரம்பரை வழியாக வரும் வழுக்கையை. முழங்கால் என்று குறிப்பது, நாற்பத்தைந்தைக் கடந்த பெண்ணொருத்தி படியேறும்போது பல்லைக் கடித்துக்கொண்டு பற்றிக்கொள்ளும் முழங்காலை. முன்னது உடலுக்கு ஒரு நோவும் செய்வதில்லை. ஆயினும் அதற்கு ஆயிரம் மருந்துகள் விற்பனைக்கு உண்டு. பின்னது மாதவிடாய் நிற்கும் பருவத்தின் குறிகளுள் ஒன்றாக இருத்தல் கூடும். ஆயினும் அப்பருவத்தைக் கூசாமற் சொல்ல ஒரு சொல் கூட நம் வீடுகளில் வழக்கில் இல்லை. நோவில்லாத ஒன்றுக்கு மருந்தும் நோவுள்ள ஒன்றுக்கு மௌனமும் வழங்குகின்ற சமுதாயம் எத்தகையது? இதுவே நமது கேள்வி.

தலைமயிர் வாணிகத்தை முதலிற் பார்ப்போம். யாழ்ப்பாணத்துக் கடைத்தெருவிலும், வெள்ளவத்தையிலும், மலையகத்துப் பஸ் நிலையங்களிலும் மூலிகைத் தைலப் போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன. பத்திரிகையைப் பிரித்தால் அவை. கைத்தொலைபேசியைத் திறந்தால் அவையே. இடப்புறத்தில் வழுக்கை விழுந்த வாடிய முகம். வலப்புறத்தில் அடர்ந்த மயிருடன் மலர்ந்த முகம். நடுவில் ஒரு போத்தல். இவ்விளம்பரக்காரர் முதலில் விற்பது தைலத்தையன்று, வெட்கத்தை. வெட்கம் விலைபோன பின்னரே தைலம் விலைபோகும். உத்தியோகம் தேடி அலையும் இளைஞனே இவ்வாணிகத்தின் முதல் இரை. பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வந்து வேலையற்று இருப்பவனிடம், ‘உன் குறை வேலையின்மையன்று, நெற்றியின் அகலமே’ என்று கூறுகின்ற துணிவு இவர்களுக்கு உண்டு. சீதனமும் காணியும் பேசி முடித்த கல்யாணம் மாப்பிள்ளையின் உச்சந்தலையில் இடறி நிற்கும் ஊரில், அவர்கள் அதனை நம்பவைப்பதும் எளிதாகின்றது.

வழுக்கை ஏன் விழுகின்றது என்பது இன்று மறைபொருளன்று. விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதைப் பண்டைக் கிரேக்க வைத்தியர்களே குறித்துவைத்தனர். 1942ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹமில்டன் என்ற அமெரிக்க உடற்கூற்றறிஞர் இதனை ஆராய்ந்து, ஆண் ஓமோனும் பரம்பரை இயல்பும் ஒருங்கு சேர்ந்தாலன்றி இவ்வழுக்கை உண்டாவதில்லை எனக் காட்டினார். 1974இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு டொமினிக்கன் குடியரசின் கிராமத்து மக்கள் சிலரைப் பற்றியது. டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஓமோனை அதனிலும் வலிய வேறோர் ஓமோனாக மாற்றும் நொதியம் அக்குடும்பங்களின் ஆண்கள் சிலருக்குப் பிறவியிலேயே குறைந்திருந்தது. அவர்களிடம் வழுக்கை காணப்படவில்லை. ஆகவே செய்தி தெளிவாயிற்று. அவ்வலிய ஓமோனுக்கு எளிதில் ஆட்படும் இயல்பைச் சிலருடைய மயிர்க்கால்கள் பிறப்பிலேயே பெற்றுவிடுகின்றன. வளர்ச்சிச் சுற்று ஒவ்வொன்றிலும் அவை சிறுத்துக்கொண்டே போகின்றன. தடித்த மயிர் மெலிந்து, மெலிந்தது குறுகி, ஈற்றில் பூனைமயிராகி மறைகின்றது. ‘தாய்வழிப் பாட்டனின் தலையைப் பார், உன் தலை தெரியும்’ என்று சொல்வது பாதி உண்மையே. முக்கியமான பரம்பரையலகு ஒன்று தாயிடமிருந்து வருகின்ற நிறமூர்த்தத்தில் உள்ளது. ஆனால் வேறு பல அலகுகள் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வருகின்றன.

இதற்கு மருந்தே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. இரண்டு மருந்துகள் பல்லாண்டு ஆய்விலே தேறி நிற்கின்றன. ஒன்று மினொக்சிடில். உயர் குருதி அமுக்கத்துக்கு உட்கொள்ளும் மாத்திரையாக இருந்த இம்மருந்தை உண்டவர்களின் உடலில் மயிர் முளைக்கக் கண்டு, அதனைத் தலையிற் பூசும் திரவமாக்கினர். 1988இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஆண் பெண் இருபாலாரும் இதனைப் பூசலாம். மற்றையது பினாஸ்டரைட். மேற்சொன்ன நொதியத்தைத் தடுக்கும் இம்மருந்து 1992இல் புரொஸ்டேட் சுரப்பியின் வீக்கத்துக்கும், 1997இல் சிறிய அளவில் ஆண்களின் வழுக்கைக்கும் அனுமதி பெற்றது. இவற்றின் எல்லையையும் சொல்லவேண்டும். நான்கு முதல் ஆறு மாதம் வரை பயன் தெரியாது. மினொக்சிடில் பூசத் தொடங்கிய வாரங்களில் உதிர்வு சற்றுக் கூடுவதும் உண்டு. நிறுத்தினாற் பெற்ற பயன் போய்விடும். எஞ்சிய மயிரைக் காப்பதே இவற்றின் பெருந்தொழில். நெடுநாளாகப் பளபளத்த மண்டையில் இவை காடு வளர்ப்பதில்லை. பினாஸ்டரைட் சிலருக்கு ஆண்மைக் குறையையும் மனச்சோர்வையும் தருவதுண்டு. வயிற்றிலுள்ள ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சியை அது கெடுக்கும் என்பதால் கர்ப்பிணிகள் அதனைக் கையாலும் தொடலாகாது. பின்தலையின் மயிரைப் பெயர்த்து முன்தலையில் நடும் சத்திரசிகிச்சையும் புதிய மயிரைப் படைப்பதில்லை. உள்ளதை இடம் மாற்றுகின்றது, அவ்வளவே.

தைலம் செய்வது என்ன? எண்ணெய் மயிரை மென்மையாக்கும், முறியாமற் காக்கும். அம்மாவின் கையால் தலைக்கு எண்ணெய் வைத்து வளர்ந்த நாம் அதனைப் பழிக்கவில்லை. ஆனால் மயிர்க்காலுக்குள்ளே நடக்கும் ஓமோன் மாற்றத்தை அது நிறுத்துவதில்லை. அப்படியாயின் ‘எனக்குப் பலித்தது’ என்று இத்தனை பேர் சாட்சி சொல்வது எவ்வாறு? இங்கேதான் வாணிகத்தின் சூட்சுமம் இருக்கின்றது. டெங்கு போன்ற கடுங்காய்ச்சலின் பின்னரும், பிள்ளைப்பேற்றின் பின்னரும், பெரும் மனத்துயரின் பின்னரும், இரண்டு மூன்று மாதங்கழித்துத் தலைமயிர் பிடிபிடியாக உதிரும். இவ்வகை உதிர்வு பெரும்பாலும் தானாகவே நின்று, சில மாதங்களில் மயிர் மீண்டும் முளைக்கும். உதிரும்போது வாங்கிய போத்தல் முடிவதற்கும் மயிர் முளைப்பதற்கும் காலம் ஒத்துவருகின்றது. இயற்கை செய்த வேலைக்குத் தைலக்காரர் கூலி வாங்கிக்கொள்கின்றார். இரும்புச்சத்துக் குறைவாலும் தைரொயிட் சுரப்பியின் கோளாறாலும் மயிர் உதிர்வோர் இன்னொரு சாரார். அவர்களுக்கு வேண்டியது குருதிப் பரிசோதனை. மூன்று மாதம் தைலம் பூசிக் காத்திருப்பவள் மூன்று மாதம் குருதிச்சோகையோடு காத்திருக்கின்றாள்.

தேறிய மருந்துகளின் விற்பனையும் சூதற்றதன்று. ஒரே மினொக்சிடில் பல வர்த்தகப் பெயர்களைப் பூண்டு பல விலைகளில் வருகின்றது. இந்தச் சூதை நம் நாட்டில் முதலில் அம்பலப்படுத்தியவர் பேராசிரியர் சேனக பிபிலே. மருந்தை அதன் உண்மைப் பெயரால் வாங்கி உண்மைப் பெயரால் வழங்கவேண்டும் என்று வாதாடிய அவரும், வைத்தியரும் பொதுவுடைமை இயக்கத் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கை, அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்துக்கு வழிவகுத்தது. 1977இல் கயானாவில் அவர் மறைந்தார். உலகின் வறிய நாடுகள் பலவும் பாடமாகக் கொண்ட கொள்கை அது. அக்கொள்கை பிறந்த மண்ணில், போத்தலின் மீது பொறித்த பெயருக்குக் கூலிக்காரன் ஒருவன் தன் நாட்சம்பளத்தைக் கொடுத்துவிட்டுப் போகின்றான்.

இதுவரை கூறியதால், வழுக்கைக்கு மருந்து தேடுவோரை நாம் இகழ்வதாக எவரும் கொள்ளவேண்டா. தன் தோற்றத்தைப் பேணும் உரிமை எவர்க்கும் உண்டு. நாம் எதிர்ப்பது அறியாமையை முதலாக வைத்து நடக்கும் வாணிகத்தை. அதே அறியாமை இன்னோரிடத்தில் விற்பனைக்கு வராமல் ஊமையாகக் கிடக்கின்றது. அவ்விடத்துக்கு இனி வருகின்றோம்.

தமிழ்ப் பாட்டியல் நூல்கள் பெண்ணின் வயதை ஏழு பருவங்களாக வகுத்தன: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். ஐந்து வயதளவிலே தொடங்கும் இக்கணக்கு நாற்பதோடு முடிந்துவிடுகின்றது. வகுப்பிலே உலா இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர் இதனைப் பலமுறை கரும்பலகையில் எழுதியிருப்பர். நாற்பத்தொன்றாவது வயதில் அப்பெண் எங்கே போனாள் என்று எந்த மாணவனாவது கேட்டதுண்டா? வீதியிலே பவனி வரும் தலைவனைக் கண்டு காதல்கொள்ளத் தக்கவள் யார் என்பதே அப்பகுப்பின் அளவுகோல். நாற்பதோடு ஆணின் கண் விலகிற்று. கண் விலகிய இடத்தில் சொல்லும் விலகிற்று. இலக்கணத்தில் நேர்ந்த இம்மௌனம் வாழ்க்கையிலும் தொடர்கின்றது. பெண்பிள்ளை பருவமடைந்தால் நாம் பந்தலிடுகின்றோம், ஒலிபெருக்கி கட்டுகின்றோம், அழைப்பிதழ் அச்சிட்டு ஊரைக் கூட்டுகின்றோம், ஒளிப்படக்காரர் முன் அச்சிறுமியை மணப்பெண்போல் நிறுத்துகின்றோம். தொடக்கத்தை இவ்வாறு ஊரறியப் பறைசாற்றும் நாம், அதன் முடிவை அவளுடைய கணவனுக்குக்கூடச் சொல்லாமற் புதைக்கின்றோம். சாமத்தியச் சடங்கு அவளுக்காக நடப்பதன்று, கல்யாணச் சந்தைக்காக நடப்பது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

புதைக்கப்பட்ட அச்செய்தி யாது? பெண்ணின் சூலகங்கள் ஈஸ்ட்ரஜன் முதலிய ஓமோன்களைச் சுரப்பதைக் குறைத்துக் கொள்கின்றன. தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராதிருந்தால் அது நின்றுவிட்டதென வைத்தியர் கொள்வர். பெரும்பாலோர்க்கு இது 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நிகழ்கின்றது. 40 வயதுக்கு முன் நிற்குமாயின் அது தனியே ஆராயவேண்டியது. சத்திரசிகிச்சையால் சூலகங்கள் இரண்டும் நீக்கப்பட்டவளுக்கு இம்மாற்றம் ஒரே நாளில் நேர்கின்றது. ஏனையோர்க்கு நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே தடுமாற்றம் தொடங்கும். நாட்கணக்குத் தவறும்; உதிரப்போக்குக் கூடும் அல்லது குறையும். உடலின் மேற்பாகத்தில் திடீரென்று வெக்கை எழுந்து, முகம் சிவந்து, வியர்த்துச் சில நிமிடத்தில் தணியும். இரவில் வியர்வையால் துணி நனைந்து உறக்கம் கலையும். நெஞ்சு படபடக்கும். காரணமின்றிச் சினமும் அழுகையும் வரும். அறிந்த பெயர்கள் நாவில் நின்று மறக்கும். பெண்ணுறுப்பு வறண்டு உறவு நோவாகும்; அடிக்கடி சிறுநீர் கழிக்கவேண்டியிருக்கும். மூட்டுகள் வலிக்கும்.

‘இவையெல்லாம் மேனாட்டுச் சீமாட்டிகளின் நோய், நம் பெண்களுக்கு இல்லை’ என்பாரும் உளர். நம் நாட்டு மேல்மாகாணப் பெண்களிடையே நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வொன்று அவர்களுக்கு விடை கூறுகின்றது. 45 முதல் 60 வயதுவரையான அப்பெண்களில் நால்வரில் மூவர் அளவினர் மூட்டு, தசை நோவை உரைத்தனர். பாதிக்கு மேற்பட்டோர் உடலும் மனமும் சோர்ந்திருப்பதாகக் கூறினர். உடல் வெக்கையைக் கூறியோர் ஐவரில் இருவர் அளவினர். மேனாட்டு நூல்கள் முதலிற் பேசும் வெக்கை இங்கே மூன்றாம் இடத்தில் நிற்க, முழங்கால் முதலிடத்துக்கு வந்துவிட்டது. நம் பெண்களுக்கு இப்பருவத்தின் நோவு இல்லாமலில்லை. நோவு வேறு முகத்தோடு வருகின்றது. அம்முகத்தை அறியாதவர் மூட்டுக்கு எண்ணெயும், படபடப்புக்கு இருதயப் பரிசோதனையும், அழுகைக்குக் கோயில் நேர்த்தியுமாக அவளை வாசல் வாசலாக அலைக்கழிக்கின்றனர். மூட்டு நோவெல்லாம் இதனால் வருவதென்று நாம் சொல்லவில்லை. வேறு நோய் உண்டா எனப் பார்ப்பதும் வைத்தியரின் கடமையே. ஆனால் நாற்பத்தேழு வயதுப் பெண் நோவென்று வரும்போது, ‘மாதவிடாய் எப்படி?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்க எத்தனை பேருக்கு வாய் வருகின்றது?

‘எங்கள் அம்மாமார் இதையெல்லாம் பொறுத்தார்களே’ என்பது அடுத்த வாதம். பொறுத்தார்கள் என்பது யாருக்குத் தெரியும்? பேச இடங்கொடாத வீட்டில் பேசாதிருந்ததைப் பொறுமை என்று பெயரிட்டவர் நாமே. ‘அது இயற்கை’ என்றும் சொல்வர். பிள்ளைப்பேறும் இயற்கையே; அதற்காக மருத்துவிச்சியை நாம் மறுத்தோமா? மேலும் இயற்கை என்ற சொல்லின் பின்னே பேராபத்தும் ஒளிந்திருக்கின்றது. இம்மாற்றக் காலத்தில் உதிரம் மிகுதியாகப் பெருகினால், ‘இந்த வயதில் அப்படித்தான்’ என்று விட்டுவிடுவோர் பலர். அப்பெருக்கு உடலின் இரும்புச்சத்தை வடித்துக் குருதிச்சோகையாக்கும். மாதவிடாய் முற்றாக நின்று ஓராண்டு கழிந்த பின் ஒரு துளி உதிரம் கண்டாலும் தாமதியாது வைத்தியரிடம் செல்லவேண்டும். கருப்பைப் புற்றுநோயின் முதற்குறியாக அது இருத்தல் கூடும். இந்த ஒரு வாக்கியத்தை அறியாமையால் மடிந்த உயிர்களுக்கு மௌனமே பொறுப்பு. இன்னொன்று: நாள் தவறுவதால் மட்டும் கருத்தரிக்கும் ஆற்றல் முடிந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. நாற்பத்தாறில் கருவுற்று, வளர்ந்த பிள்ளைகளின் முன்னே குன்றிப்போகும் தாய்மாரின் துயரும் இதே அறியாமையின் பயனே.

நம் தோழர்கள் சிலர் எழுப்பும் தடை வேறு. ‘2022இல் வைத்தியசாலைகளில் அவசர மருந்துகூட இன்றி மக்கள் தவித்த நாடு இது. வேலையும் சோறும் கேட்கவேண்டிய வேளையில் வெக்கையும் வியர்வையும் ஒரு பிரச்சினையா?’ என்கின்றனர். இதனை நாம் உறுதியாக மறுக்கின்றோம். இப்பருவம் எல்லாப் பெண்களுக்கும் வருவதாயினும், அதன் சுமை எல்லார்க்கும் ஒன்றன்று. பணம் படைத்தவள் கொழும்பிலே தனியார் வைத்திய நிபுணரிடம் செல்வாள். குளிரூட்டிய அறையில் ஓய்வெடுப்பாள். மலையகத்தில் கொழுந்து பறிப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். சரிவான மலையில், மலசலகூடம் இல்லாத இடத்தில், கூடையைத் தலையிற் கட்டிக்கொண்டு நிற்கும் நாற்பத்தெட்டு வயதுத் தொழிலாளிக்கு உதிரப்பெருக்கு வந்தால் அவள் எங்கே போவாள்? மூட்டு வலியால் கை மந்தித்துக் கொழுந்தின் நிறை குறைந்தால் அவளுடைய பேர் விழுமா? வடக்கிலும் கிழக்கிலும் போரினால் கணவனை இழந்து, தனித்து நின்று குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் இன்று இவ்வயதை எட்டியிருக்கின்றனர். உறக்கமற்ற அவர்களுடைய இரவுகளில் இழப்பின் பங்கு எது, ஓமோனின் பங்கு எது என்று பிரித்துப் பார்க்கவும் ஆளில்லை. உழைப்பவளின் உடலைப் பேசாத உழைப்பாளர் அரசியல் என்ன அரசியல்?

மலைக்கும் போவானேன்? நம் பாடசாலைகளையே பார்ப்போம். இந்நாட்டு ஆசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆசிரியைகள் சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ், நாற்பது பிள்ளைகளின் முன்னே நின்று பாடம் நடத்துகின்றனர். முகம் வியர்த்துச் சிவந்தாலோ, ஒரு சொல் மறந்து தடுமாறினாலோ, ‘ரீச்சருக்கு அந்த வயசு வந்திட்டுது’ என்று ஆசிரியர் அறையின் மூலையில் எழும் சிரிப்பை நாம் அறிவோம். முற்போக்குப் பேசும் வாய்களிலிருந்தும் அச்சிரிப்பு எழுகின்றது. சாதியைச் சொல்லி நகைப்பதைக் குற்றமென்று கற்றுக்கொண்டோம். உடலைச் சொல்லி நகைப்பது குற்றமென்று எப்போது கற்கப்போகின்றோம்?

மௌனத்தை உடைப்பதென்றால் மறுபடியும் வாணிகத்தின் வாயில் விழுவதன்று. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1966இல் றொபேட் வில்சன் என்ற அமெரிக்க வைத்தியர், மாதவிடாய் நின்ற பெண் குறையுடலினள் என்றும், ஈஸ்ட்ரஜன் உண்டால் என்றும் பெண்ணாகவே இருப்பாள் என்றும் ஒரு நூல் எழுதினார். மருந்துற்பத்தியாளரின் பணம் அவருக்குப் பக்கபலமாக இருந்தமை பின்னர் வெளியாயிற்று. தைலக்காரர் ஆணுக்கு விற்ற வெட்கத்தையே அவர் பெண்ணுக்கு விற்றார். 1975இல், தனி ஈஸ்ட்ரஜன் கருப்பை உட்சுவரிற் புற்றுநோயைக் கூட்டுகின்றது என்ற ஆய்வுகள் வெளிவந்தன. ஆகவே கருப்பை உள்ளவளுக்கு அதனைக் காக்கும் இன்னோர் ஓமோனையும் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. 2002இல் 16,000க்கு மேற்பட்ட அமெரிக்கப் பெண்களிடம் நடந்த பேராய்வு, அக்கூட்டு மருந்து மார்பகப் புற்றுநோயையும் பக்கவாதத்தையும் சிறிதளவு கூட்டுவதைக் கண்டு இடையில் நிறுத்தப்பட்டது. உலகெங்கும் பெண்கள் அஞ்சி மருந்தைக் கைவிட்டனர். ஆனால் அவ்வாய்விற் கலந்துகொண்டோரின் சராசரி வயது 63 என்பதைச் செய்தித்தாள்கள் உரக்கச் சொல்லவில்லை. ஆய்வுகளை மீள நோக்கிய வைத்திய உலகம் இன்று கூறுவது வேறு: 60 வயதுக்கு உட்பட்ட, அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டு கடவாத, கடுந்துன்பம் உற்ற பெண்களுள் பலருக்குத் தீமையினும் நன்மையே மிகுதி. மார்பகப் புற்றுநோய் கண்டவர்க்கும், குருதிக் கட்டி அடைத்த வரலாறு உள்ளவர்க்கும், ஈரல் நோயாளர்க்கும், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்க்கும் அது பொதுவாக ஏற்றதன்று. அவர்கட்கு ஓமோன் அல்லாத மருந்துகளும் உண்டு. எவரும் கட்டாயம் மருந்துண்ணவேண்டும் என்பதில்லை. துன்பமின்றியே இப்பருவத்தைக் கடப்போரும் உளர். எல்லார்க்கும் மருந்து என்பது வாணிகம். எவர்க்கும் மருந்தில்லை என்பது மூடத்தனம். இன்னார்க்கு இது என்று ஆய்ந்து சொல்வதே வைத்தியம்.

இனி நாம் போட்ட முடிச்சு இறுகும் இடத்துக்கு வருவோம். இதே வயதிற்றான் பெண்ணின் தலைமயிரும் மெலிகின்றது. பரம்பரை மயிரிழப்பு ஆணுக்கு மட்டும் உரியதன்று. பெண்ணுக்கு அது நெற்றியிற் தொடங்காது. உச்சி வகிடு அகன்று தோல் தெரியும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் அது பலருக்கு வெளிப்படுகின்றது. உதிரப்பெருக்கால் இரும்புச்சத்து வடிந்த உடலில் உதிர்வு மேலும் கூடும். பெண்களின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டோ என்று இறைவனோடு வாதிட்ட நக்கீரன் கதையைப் போற்றும் நாம், அக்கூந்தல் ஐம்பதில் உதிர்வது எதனால் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காத நம் வாயை மூடிவைத்துவிட்டுத் தைலக்காரர் அவளிடமும் செல்கின்றார். வழுக்கையை வெட்கமாக்கியவரும் மாதவிடாய் நிறுத்தத்தை வெட்கமாக்கியவரும் வேறு வேறு ஆட்களல்லர். உடலைப் பற்றிய அறிவை மக்களிடமிருந்து விலக்கி வைத்த ஒரே சமுதாயத்தின் இரு கைகள் அவை. ஒரு கை பறிக்கின்றது. மறு கை வாய் பொத்துகின்றது.

செய்யத்தக்கது யாது? இந்நாட்டில் வழி முற்றாக அடைபட்டிருக்கவில்லை. இலவச வைத்தியத்துக்காக நம் முன்னோர் போராடிப் பெற்ற அமைப்பு இன்னும் நிற்கின்றது. 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகள் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள்தோறும் உண்டு. முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களைக் குருதி அமுக்கம், நீரிழிவு, மார்பகப் புற்றுநோய், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஆகியவற்றுக்கு இலவசமாகப் பரிசோதிப்பது அவற்றின் பணி. மாதவிடாய் நிறுத்தத்தைப் பற்றிக் கேட்பதற்கும் அதுவே இடம். ஆனால் வேலைநாட் காலையில் கிளினிக் நடந்தால், கொழுந்து மலையை விட்டும் வகுப்பறையை விட்டும் பெண்கள் எவ்வாறு வருவர்? தொழிற்சங்கங்களும் ஆசிரியர் சங்கங்களும் சம்பளக் கோரிக்கையோடு இதனையும் சேர்க்கவேண்டும்: அரைநாள் சம்பளத்தோடு கூடிய விடுப்பு, தோட்டத்திலும் பாடசாலையிலும் நீருள்ள மலசலகூடம், வேலைநேரம் கழிந்தும் திறந்திருக்கும் கிளினிக். 2015ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையிடம், பொய் வாக்குத்தரும் மயிர்த்தைல விளம்பரங்களைத் தடுக்குமாறும் அவர்கள் கோரவேண்டும்.

சட்டமும் சங்கமும் செய்யமுடியாத ஒன்று நம் கையிலே உள்ளது. சாதாரண தர விஞ்ஞான வகுப்பில் மாதவிடாய் வட்டத்தைத் தலைகுனிந்து விரைவாக வாசித்துவிட்டு, ‘மிச்சத்தை வீட்டில் படியுங்கள்’ என்று பக்கம் புரட்டும் வழக்கம் நிற்கவேண்டும். அவ்வட்டம் எவ்வாறு தொடங்குகின்றது என்பதோடு எவ்வாறு நிற்கின்றது என்பதையும், ஆண்பிள்ளைகள் பெண்பிள்ளைகள் இருபாலார் முன்னும், வெட்கமின்றித் தமிழிலே சொல்லுவோம். பரம்பரை பற்றிய பாடத்தில் வழுக்கையை எடுத்துக்காட்டாக்கி, அது தண்டனையுமன்று, குறையுமன்று என்று விளக்குவோம். பதினாறு வயது மாணவன் இதனைக் கற்றால், இரவில் எழுந்து மின்விசிறியின் கீழ் அமரும் தன் தாயை ‘அம்மாவுக்கு விசர்’ என்று சொல்லமாட்டான். கிளினிக் நாளன்று சோற்றை அவனே வடித்துவிட்டு அவளை அனுப்பிவைப்பான். உலாப் பாடம் நடத்தும் தமிழாசிரியரும், பேரிளம்பெண்ணோடு சுண்ணக்கட்டியை வைத்துவிடாமல், அதற்குப் பின் வரும் நாற்பதாண்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்கட்டும். இந்நாட்டுப் பெண்ணின் சராசரி ஆயுள் இன்று எண்பதை அண்மித்துள்ளது. அவள் வாழ்வின் பாதிக்கு நம் மொழி இன்னும் பெயரிடவில்லை.